பேட்டன்ட் மேல்முறையீட்டுக்குப் போகும் முன் ஆதாரத்தைக் கோப்பில் ஏற்றுங்கள்

அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வகக் கருவிக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டு வாரியம் வரை போய்ப் பாதி வெற்றியோடு வெளியே வந்தேன். வக்கீல் கட்டணம், அலுவலகக் கட்டணம், சோதனைச் செலவு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் டாலருக்கு மேல் போனது. பணத்தைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது, நடுவில் வீணாகப் போன அந்த ஒரு வருடத்துக்கும் மேலான காலம். என் கருவியை உரிமம் பெற்று விற்கத் தயாராக இருந்த ஒரு விநியோகஸ்தர் அந்த இடைவெளியில் பொறுமை இழந்து விலகிவிட்டார். கருவியில் குறை இருந்து இப்படி ஆகவில்லை. எந்த ஆதாரம், எந்தக் கட்டத்தில், எதனோடு ஒப்பிட்டு இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. செல் வளர்ப்பு செய்பவர்களுக்கு 96 குழிகள் கொண்ட பிளேட்டைத் தெரியும். 8 வரிசை, 12 நிரல். 37 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் ஓரத்துக் குழிகளில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, அங்கே செறிவு ஏறி, அளவீடு கெட்டுவிடும். ஓரத்தில் மட்டும் 36 குழிகள். நிறைய ஆய்வகங்களில் அந்த 36-ஐயும் வெறும் தண்ணீரால் நிரப்பி ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் 60 குழிகளில்தான் சோதனை செய்வார்கள். கேட்டால் "ஓரத்தை நம்ப முடியாது" என்பார்கள். பிளேட்டைப் பணம் கொடுத்து வாங்கி, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வீணடிப்பது எனக்கு வருடக்கணக்காக உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். நான் செய்தது ஒரு மேசை இன்குபேட்டர் ஷேக்கர். பிளேட்டைச் சுற்றி ஒரு நீர் வாய்க்கால் ஓடும். மூடி, பிளேட்டைவிடச் சற்றே கூடுதல் சூட்டில் இருக்கும். வாய்க்காலையும் மூடியின் சட்டகமே சூடாக்கும். இவ்வளவுதான். இதில் ஓரக் குழிகளும் நடுக் குழிகளும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீரைத்தான் இழக்கும்.

பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியான எக்ஸாமினர் இரண்டு பழைய பேட்டன்ட்களை எடுத்து வைத்தார். ஒன்றில் நீர் வாய்க்கால் இருந்தது. இன்னொன்றில் சூடான மூடி இருந்தது. இரண்டையும் சேர்ப்பது இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள எவருக்கும் தோன்றக்கூடியது, ஆகவே சட்டத்தின் 103-ஆம் பிரிவின்படி பேட்டன்ட் இல்லை என்று எழுதினார். அவர் வேலையை அவர் செய்தார். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு, தெரிந்த உறுப்புகளைச் சேர்த்து எதிர்பார்த்த பலன்தான் கிடைக்கிறது என்றால் அது ஆப்வியஸ், அதாவது எவருக்கும் தோன்றக்கூடியது, என்று சொல்லிவிடுவது எளிது. இயந்திரக் கருவி செய்பவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில்தான் போய் நிற்போம், ஏனென்றால் நம் கருவிகள் எல்லாமே தெரிந்த உறுப்புகளால் ஆனவைதானே. அதைத் தாண்ட இருக்கும் வழிகளில் ஒன்று அதே நீதிமன்றத்தின் 1966-ஆம் ஆண்டு கிரஹாம் தீர்ப்பில் இருக்கிறது. வணிக வெற்றி, நெடுநாள் தீராத தேவை, மற்றவர்கள் முயன்று தோற்றது போன்ற புறச் சான்றுகளையும் பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எதிர்பாராத பலன் கிடைத்தது என்ற சோதனைத் தரவும் இதே வரிசையில்தான் வரும். இவை விண்ணப்பத்தின் அதிகாரப்பூர்வக் கோப்பில் இருந்தால் எக்ஸாமினர் எடைபோட்டே ஆக வேண்டும். "இருந்தால்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

என் வக்கீல் முதல் பதிலில் நன்றாகவே வாதாடினார். மூடியைச் சூடாக்கினால் திறந்த குழிகள் இன்னும் காயும் என்றுதான் எவரும் நினைப்பார்கள், நடந்ததோ நேர்மாறு என்று அழகாக எழுதினார். எக்ஸாமினரின் மறுமொழி ஒரே வரி: வக்கீலின் வாதம் ஆதாரமாகாது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் விதி அதுதான். சட்டவிதி 1.132-இன்படி ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டுத் தரும் டிக்ளரேஷனில் இருப்பதுதான் ஆதாரம். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியோடு வரும் ஆவணம் அது. பதிலில் எத்தனை பக்கம் எழுதினாலும் டிக்ளரேஷனில் இருக்கும் ஒரு அட்டவணைக்கு உள்ள எடை அதற்கு வராது.

சரி, டிக்ளரேஷன் கொடுத்தோம். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக முன்பே செய்து வைத்திருந்த ஒரு சோதனை கையில் இருந்தது. சாதாரண இன்குபேட்டரில் ஒரு பிளேட், என் கருவியில் ஒரு பிளேட், 72 மணி நேரம் கழித்து இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் எடை இழப்பில் பெரிய வித்தியாசம். விற்பனைக்கு அது அருமையான படம். பேட்டன்ட் அலுவலகத்தில் மூன்று இடத்தில் உதைத்தது. ஒன்று, ஒப்பீடு சாதாரண இன்குபேட்டரோடு. எக்ஸாமினர் காட்டிய வாய்க்கால் கருவியோடு ஒப்பிடவில்லை. இரண்டு, மொத்த பிளேட்டின் எடை ஓரக் குழிகளைப் பற்றி எதுவும் சொல்லாது. மூன்று, மூடிக்கும் பிளேட்டுக்கும் இடையே 2 டிகிரி வித்தியாசத்தில் மட்டும் செய்த சோதனை அது. என் முதல் கிளெய்மோ (கிளெய்ம் என்றால், எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் வாசகம்) மூடி "பிளேட்டைவிட அதிக வெப்பநிலையில்" என்று மட்டும் சொல்கிறது. அரை டிகிரியும் அதில் அடங்கும், முப்பது டிகிரியும் அடங்கும். இந்தப் பதில் வந்த கடிதமே இறுதி நிராகரிப்பு.

இங்கே கொஞ்சம் நின்று ஒப்பீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்பாராத பலன் என்று சொல்ல நினைத்தால், எதிரில் வைக்கப்பட்டிருக்கும் ஆவணங்களில் உங்கள் கருவிக்கு மிக நெருக்கமானது எதுவோ அதோடு ஒப்பிட வேண்டும். சந்தையில் அதிகம் விற்கும் கருவியோடு ஒப்பிடுவது பேட்டன்டுக்கு உதவாது. அந்த நெருக்கமான கருவி கடையில் கிடைக்காவிட்டால், பேட்டன்டில் உள்ள படத்தைப் பார்த்து நீங்களே செய்துதான் ஆக வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு உலோகப் பட்டறையில் அந்தப் பழைய படத்தைக் கொடுத்து, வாய்க்காலின் அகலமும் ஆழமும் அதில் உள்ள குறிப்புப்படியே வைத்து ஒன்று செய்து வாங்கினேன். போட்டியாளரின் பழைய கருவியை என் காசில் கட்டுவது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பெட்டிதான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: எக்ஸாமினர் இரண்டு ஆவணங்களைச் சேர்க்கிறார் என்பதற்காக, அந்த இரண்டும் சேர்ந்த கருவியோடு நீங்கள் ஒப்பிட வேண்டியதில்லை. அது உங்கள் கண்டுபிடிப்பை உங்கள் கண்டுபிடிப்போடேயே ஒப்பிடுவதாகிவிடும். நெருக்கமான ஒன்றோடு ஒப்பிட்டால் போதும்.

அளப்பது எப்படி என்பதும் முக்கியம். குழிவாரியாக ஆவியாதலைக் காட்ட, சாயம் கலந்து செறிவு ஏறுவதை, ஒவ்வொரு குழியிலும் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் பிளேட் ரீடரில் பார்க்கலாமே என்று தோன்றும். அது சரிவராது. ரீடரின் ஒளி மேலிருந்து கீழாகப் போகிறது. தண்ணீர் குறையக் குறையச் சாயம் செறிகிறது, ஆனால் ஒளி கடக்கும் ஆழமும் அதே விகிதத்தில் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, உறிஞ்சுதல் எண் அசையாமல் நிற்கும். பாதித் தண்ணீர் போயிருந்தாலும் காட்டிக்கொடுக்காது. அதனால் அகச்சிவப்பு ஓரத்தில் 977 நானோமீட்டரிலும் 900 நானோமீட்டரிலும் படித்து வித்தியாசம் பார்த்தேன். தண்ணீர் 977-க்குப் பக்கத்தில் உறிஞ்சும், 900-இல் மிகக் குறைவு. அந்த வித்தியாசம் நேரடியாகத் தண்ணீரின் ஆழத்தைச் சொல்லும். 96 குழிக்கும் தனித்தனி எண். மொத்த எடை இழப்பையும் பக்கத்தில் வைத்து, இரண்டு கணக்கும் ஒத்துப்போவதைக் காட்டினேன். ஒரே பிளேட்டோடு நிறுத்தாமல் பல பிளேட்களில் திரும்பச் செய்து, சிதறலையும் கணக்கிட்டுப் போட்டேன். தராசின் அளவுத்திருத்தச் சான்றிதழ், ரீடரின் மூலக் கோப்புகள், தேதியிட்ட ஆய்வுக் குறிப்பேட்டுப் பக்கங்கள் எல்லாம் இணைப்பாகப் போயின. மூடியின் வித்தியாசத்தை 1, 2, 3 டிகிரி என்று மூன்று இடத்தில் வைத்துச் சோதித்தேன். அதற்கு மேல் போகக் கையில் காசு இல்லை.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் பெரிய அடி விழுந்தது. இறுதி நிராகரிப்புக்குப் பிறகு வரும் ஆதாரத்தை எக்ஸாமினர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இது ஏன் அவசியம், ஏன் முன்பே தரப்படவில்லை என்பதற்குப் போதிய காரணம் காட்ட வேண்டும். மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுத்த பிறகு கதவு இன்னும் குறுகும். மேல்முறையீட்டு மனு போட்டுவிட்டால், சில அரிய சூழ்நிலைகள் தவிர, மூடியே விடும். வாரியம் புதிதாகச் சாட்சி கேட்கும் இடமில்லை. கோப்பில் ஏற்கெனவே இருப்பதை மூன்று நீதிபதிகள் படித்து எடைபோடும் இடம். என் புதிய தரவை எக்ஸாமினர் கோப்பில் சேர்க்க மறுத்தார். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. கையில் உண்மை இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கப் போவதில்லை என்ற நினைப்பு ஆளைத் தின்றது.

வக்கீல் சொன்ன வழி, தொடர் பரிசீலனைக் கோரிக்கை. ஆர்சிஇ என்பார்கள். இன்னொரு கட்டணம், இன்னொரு சுற்று, மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆனால் அதைப் போட்டால் டிக்ளரேஷன் கோப்பில் ஏறிவிடும், எக்ஸாமினர் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். நேராக மேல்முறையீட்டுக்குப் போய்விடலாமா என்ற ஆசை பலமாக இருந்தது. போயிருந்தால் அந்தப் பழைய எடைச் சோதனையை மட்டும் வைத்து வாதாடியிருப்பேன், எல்லாமே போயிருக்கும். ஆர்சிஇ போட்டோம். எதிர்பார்த்தபடியே மறுபடி நிராகரிப்பு வந்தது. பரவாயில்லை, இப்போது தரவு உள்ளே இருக்கிறது. அப்புறம்தான் மேல்முறையீடு. நீங்கள் இந்தக் கட்டத்தில் இருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நாம் சொல்லப்போகும் ஒவ்வொரு உண்மைக்கும் கோப்பில் எந்தப் பக்கம்?" பக்க எண் வராத இடத்தில் எல்லாம் உங்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது.

டிக்ளரேஷனில் யார் கையெழுத்துப் போடுவது என்பதும் ஒரு கேள்வி. கண்டுபிடித்தவரே தரலாம், தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் அவருக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். சோதனைத் தரவுக்கு நான் கையெழுத்திட்டேன். துறையில் என்ன எதிர்பார்த்திருப்பார்கள் என்பதைச் சொல்ல, செல் வளர்ப்பு ஆய்வகம் ஒன்றைப் பல வருடம் நடத்திய, என் வியாபாரத்தில் பங்கில்லாத ஒருவரைக் கேட்டேன். இந்த இரண்டாவது பாகத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்ன எதிர்பார்த்திருப்பார்கள் என்று நிறுவாமல், கிடைத்தது எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. அவரும் "எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது" என்று எழுதினால் மதிப்பு இல்லை. நான் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே வெளிவந்த கருவிக் கையேடுகளில், மூடாத குழிகளுக்கு மேல் சூடான மூடி வைத்தால் உலர்தல் கூடும் என்று எச்சரித்திருந்த பகுதிகளை இணைத்து, அவற்றின் மேல்தான் தன் கருத்தைக் கட்டினார். ஆவணம் இல்லாத கருத்துக்கு அங்கே எடை மிகக் குறைவு.

விற்பனைக் கணக்கில் நான் மிகவும் நம்பிக்கை வைத்திருந்தேன். கருவி நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் எத்தனை விற்றது என்ற எண் மட்டும் எதையும் நிரூபிக்காது. அந்த வகைக் கருவிகளின் மொத்தச் சந்தையில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்பார்கள். விற்றதற்குக் காரணம் கிளெய்மில் உள்ள அந்த அம்சம்தானா என்று கேட்பார்கள். நெக்ஸஸ் என்று இதைச் சொல்வார்கள், அதாவது வெற்றிக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையிலான தொடர்பு. என் கருவியில் தொடுதிரை இருந்தது, சத்தம் குறைவு, அறிமுகத் தள்ளுபடியும் கொடுத்திருந்தேன். வாங்கியவர்கள் இவற்றுக்காக வாங்கவில்லை என்று எப்படிக் காட்டுவது? வாடிக்கையாளர் மின்னஞ்சல்களைக் கட்டாக எடுத்துப் புரட்டினேன். பெரும்பாலானவை "நல்ல கருவி, சத்தமே இல்லை" ரகம். பேட்டன்டுக்கு அவற்றால் கெடுதல்தான். கடைசியில் ஒரு ஆய்வக மேலாளர் அனுப்பியது கிடைத்தது: முன்பு வாய்க்கால் உள்ள பிளேட் வாங்கியும் ஓரக் குழிகளை ஒதுக்கித்தான் வைத்தோம், இப்போது 96-லும் செல் போடுகிறோம் என்று எழுதி, தங்கள் செயல்முறைத் தாளின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் இணைத்திருந்தார். பழையதில் ஓர வரிசையைச் சுற்றிப் பேனாவால் கட்டம் போட்டு "தண்ணீர் மட்டும்" என்ற குறிப்பு. இரண்டு தாளிலும் தேதி. நூறு பாராட்டுக் கடிதங்களைவிட அந்த இரண்டு தாள்கள் பெரிது. ஏற்கெனவே வாய்க்கால் இருக்கிறதே, தேவை அதிலேயே தீர்ந்துவிட்டதே என்ற எக்ஸாமினரின் வாதத்துக்கு நேரடிப் பதில் அதில் இருந்தது. தயவுசெய்து விற்பனை தொடங்கும் நாளிலிருந்தே வாங்குபவர்களிடம் "எதற்காக வாங்கினீர்கள்" என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

போட்டியாளர் ஒருவர் என் கருவி வந்த பிறகு அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். நகல் எடுத்தார்கள் என்பதும் சான்றுதானே என்று நினைத்தேன். ஒத்த பொருள் சந்தையில் இருப்பது மட்டும் நகலெடுப்பு ஆகாது, என் கருவியைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டத்தில் அவர்களுடைய உள் ஆவணங்களைக் கேட்டு வாங்க எனக்கு வழியே இல்லை. அதை விட்டுவிட்டேன்.

மேல்முறையீட்டு மனுவில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாக் கிளெய்ம்களையும் ஒரே மூட்டையாக வாதாடினால், வாரியம் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து மொத்தத்தையும் முடித்துவிடலாம். மூடியின் வித்தியாசம் 1 முதல் 3 டிகிரி என்று சொல்லும் ஒரு சார்புக் கிளெய்ம், அதாவது முதல் கிளெய்மைச் சார்ந்து அதைக் குறுக்கும் கிளெய்ம், என்னிடம் இருந்தது. அதற்குத் தனித் தலைப்புப் போட்டு, என் தரவு இந்த வரம்பு முழுவதையும் தொடுகிறது என்று தனியாக எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். வக்கீலுக்குக் கூடுதல் மணிநேரம், எனக்குக் கூடுதல் பில். கொடுத்தேன்.

எழுத்துப் பரிமாற்றம் முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, வாய்மொழி விசாரணைக்கு வீடியோவில் உட்கார்ந்தோம். பொதுவாக 20 நிமிடம்தான் தருவார்கள், புது வாதம் எடுக்க முடியாது. ஒரு நீதிபதி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "உங்கள் சோதனை 3 டிகிரியோடு நிற்கிறது. முதல் கிளெய்மில் எந்தச் சொல் உங்களை 3 டிகிரியில் நிறுத்துகிறது?" அப்படி ஒரு சொல் இல்லை. 3 டிகிரிக்கு மேலும் இதே போக்குத் தொடரும் என்று எதிர்பார்க்கலாம் என்றெல்லாம் வக்கீல் சொல்லிப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

தீர்ப்பு பாதிப்பாதி. முதல் கிளெய்மின் நிராகரிப்பு உறுதி, ஏனென்றால் ஆதாரத்தின் பரப்பும் கிளெய்மின் பரப்பும் பொருந்தவில்லை. வணிக வெற்றிக்கு எடை ஏதும் கொடுக்கவில்லை. செயல்முறைத் தாள்களுக்குக் கொஞ்சம் எடை. 1 முதல் 3 டிகிரி கிளெய்முக்கு மட்டும், குழிவாரித் தரவைப் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டி, எக்ஸாமினரின் நிராகரிப்பை ரத்து செய்தார்கள். படித்தபோது அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. அகலமான பாதுகாப்பு போய்விட்டது, ஆனால் கருவியின் உயிர் உள்ள இடம் தப்பியது.

அடுத்து என்ன செய்யலாம் என்று தேடியபோது தெரிந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2 மாதத்துக்குள் மறுவிசாரணை கேட்கலாம். பேட்டன்ட் மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் அங்கேயும் பழைய கோப்புதான். புதிய ஆதாரத்தோடு போக வேண்டுமானால் 145-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அங்கே புதிய சாட்சியம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஹயட் வழக்கில் உறுதி செய்தது. ஆனால் வென்றாலும் தோற்றாலும் அலுவலகத்தின் வழக்குச் செலவை விண்ணப்பதாரர்தான் ஏற்க வேண்டும். அலுவலக வக்கீல்களின் சம்பளம் அதில் சேராது என்று 2019-இல் நான்ட்க்வெஸ்ட் வழக்கில் தீர்ப்பானது. அப்படியும் என்னைப் போன்ற தனியாளுக்கு அது எட்டாத செலவு.

நான் தேர்ந்தெடுத்தது வேறு. தப்பித்த சார்புக் கிளெய்மைத் தனிக் கிளெய்மாக மாற்றி எழுதி, அது பேட்டன்டாக வெளிவருவதற்கு முன்பே அதே கண்டுபிடிப்புக்கு வேறு கிளெய்ம்களோடு ஒரு தொடர் விண்ணப்பம் போட்டுவிட்டேன். முதல் விண்ணப்பம் உயிரோடு இருக்கும்போதே போட்டால்தான் பழைய தேதி கிடைக்கும், அதனால் இந்தத் தேதியை நாட்காட்டியில் பெரிதாகக் குறித்து வையுங்கள். அதில் வரம்பை அரை டிகிரியிலிருந்து 5 டிகிரி வரை கேட்டிருக்கிறேன். இந்த முறை பட்டறையில் செய்த அந்தப் பழைய பெட்டியையும் என் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரம்பின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் சோதனையை முடித்து, டிக்ளரேஷனை முதல் அலுவலகக் கடிதம் வருவதற்கு முன்பே கோப்பில் சேர்த்துவிட்டேன்.